பாவையும் பல்சக்கரமும்: உருவ அசைவு மென்பொருளின் உடல்சார் இலக்கணமும் மேட்டுப்பாளையம் மலைரயில் எஞ்சினும்

ஆய்வுச் சுருக்கம்

உருவங்களை நிலைப்படுத்தி அசைவூட்டும் கணினி மென்பொருள்கள் மனித உடலை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தவை. தலைமை உறுப்பிலிருந்து கிளைத்துச் செல்லும் மர வடிவ உறவே அவற்றின் அடிப்படை. பொறியின் உறுப்புகளோ மூடிய சங்கிலியாகப் பிணைந்தவை. இவ்விரு மரபுகளின் வரலாற்றையும் இக்கட்டுரை தொடர்ந்து நோக்குகிறது. மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் மலைரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினை மென்பொருளில் இயக்கக்கட்டு செய்யும்போது நேரும் பிழைகளைச் சான்றாகக் கொண்டு, இயக்கக்கட்டு என்பது படம் அன்று, ஒரு பொறியின் இயக்கத்தைப் பற்றிய வாசிப்பு என்று வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இயக்கக்கட்டு, தளை, மூடிய சங்கிலி, நீலகிரி மலைரயில், எக்ஸ் வகை எஞ்சின், பெருங்கதை

முன்னுரை

மேட்டுப்பாளையம் நிலையத்தில் காலை ரயில் புறப்படும் முன்னர் எஞ்சினின் அருகே நிற்பவர் ஒன்றைக் காணலாம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ரயில் நகரத் தொடங்கும்போது கீழ்ச் சிலிண்டரின் தண்டுகள் மட்டுமே இயங்குகின்றன. மேற்சிலிண்டரின் தண்டுகள் அசைவற்று இருக்கின்றன. கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளத்தில் ஏறிய பின்னரே அவை உயிர்பெறுகின்றன. அப்போதும் கீழே சக்கரங்கள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன.

இக்காட்சியைக் கணினியில் மீட்டுருவாக்க முயன்றபோது எழுந்த ஐயங்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். எஞ்சினின் வடிவத்தை வரைவது கடினமன்று. நிழற்படங்கள் ஏராளமாக உள்ளன. அதன் உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைத்து, ஒன்றை அசைத்தால் மற்றவை உரியவாறு அசையும்படி செய்வதே கடினம். அசைவூட்டத் தொழிலில் இதனை ‘ரிக்கிங்’ என்பர். இக்கட்டுரை அதற்கு ‘இயக்கக்கட்டு’ என்னும் சொல்லை ஆள்கிறது. உறுப்புகளின் அசைவுக்கு விதிக்கப்படும் நிபந்தனைக்குத் ‘தளை’ என்னும் சொல் ஆளப்படுகிறது. யாப்பில் நின்ற சீரின் ஈற்றசைக்கும் வருஞ்சீரின் முதலசைக்கும் உள்ள உறவைத் தளை என்கிறோம். இரண்டு உறுப்புகள் கூடும் இடத்தில் எது இயலும், எது இயலாது என்பதை உரைக்கும் சொல்லாதலின் இங்கும் அது பொருந்தி வருகிறது.

பாவையின் மரபு

பொறியை உருவத்தோடு சேர்த்து எண்ணும் வழக்கம் கொங்குநாட்டுக்குப் புதிதன்று. விசயமங்கலத்தோடு தொடர்புடையவராகக் கருதப்படும் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையின் கதைப்போக்கு ஓர் எந்திர யானையைச் சார்ந்தே தொடங்குகிறது. உஞ்சை வேந்தன் பிரச்சோதனன் வீரர்களை உள்ளே மறைத்து வைத்த பொறியானையை அனுப்பி, யானை வயப்படுத்தும் யாழில் வல்ல உதயணனைச் சிறைப்பிடிக்கிறான். நூலின் முதற்பகுதியும் இறுதிப்பகுதியும் கிடைக்காத நிலையிலேயே உ.வே. சாமிநாதையர் 1924இல் அதனைப் பதிப்பித்தார். சிறைப்பிடிப்பு நிகழ்ந்த பின்னரே இன்று நம் கைக்குக் கிடைக்கும் பகுதி தொடங்குகிறது. ஆகவே பொறியானையின் விளைவு நமக்குத் தெரியும். அது எவ்வாறு நடந்தது, அதன் கால்களை எது இயக்கியது என்பதைக் கொங்குவேளிர் கூறியிருந்தாரா என்பதை அறிய வழியில்லை. பொறியின் உருவம் நினைவில் நின்று அதன் இயக்கம் மறைந்துபோவது இந்த ஒரு நூலுக்கு மட்டும் நேர்ந்ததன்று.

கூத்து மரபில் இயக்கம் கண்முன்னே உள்ளது. கும்பகோணம் பகுதி மரப்பாவைக் கூத்தில் பாவையின் உடலைத் தாங்கும் கயிறுகள் கலைஞர் தம் தலையில் அணியும் வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். பாவையின் கைகளை அவர் கம்பிகளால் இயக்குவார். கலைஞர் தலையை அசைத்தால் பாவையின் முழு உடலும் அசையும்; கம்பியை அசைத்தால் கை மட்டும் அசையும். முழுமைக்கு ஒரு தலைமை, உறுப்புக்கு ஒரு தனிக்கட்டுப்பாடு என்னும் இவ்வமைப்பை இன்றைய மென்பொருளின் மொழியில் சொன்னால் அதுவே ஓர் இயக்கக்கட்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு எனத் தொடர்ந்து செல்லும் உறுப்புகளின் கடைமுனை எதனோடும் பிணைக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். பொறியியலில் இதனைத் திறந்த சங்கிலி என்பர்.

1995இல் லாரி வைன்பெர்க் உருவாக்கிப் பிராக்டல் டிசைன் நிறுவனம் வெளியிட்ட ‘போசர்’ மென்பொருள், ஓவியர்கள் மேசைமேல் வைத்திருக்கும் மூட்டுடைய மரப்பாவைக்கு மாற்றாகப் பிறந்தது. அதன் உருவத்தில் இடுப்பே தலைமை உறுப்பு. இடுப்பின் சேய் வயிறு, வயிற்றின் சேய் மார்பு, மார்பின் சேய்கள் கழுத்தும் தோள்களும் எனக் கிளைகள் விரியும். ஒவ்வோர் உறுப்புக்கும் தாய் உறுப்பு ஒன்றே. இத்தாய்–சேய் உறவு பிற முப்பரிமாண மென்பொருள்களிலும் உண்டு. ஆயினும் உடலின் இலக்கணம் எந்த அளவுக்கு மென்பொருளின் இலக்கணமாகவே ஆகியுள்ளது என்பதைப் போசரில் போலப் பிறவற்றில் தெளிவாகக் காண இயலாது. உறுப்பு மடங்கும்போது தோல் வளைவது அங்கு இயல்பு நிலை. இரும்புத் தண்டு வளையாதிருக்க வேண்டுமானால் அவ்வியல்பை ஒவ்வோர் உறுப்பிலும் தனியே நீக்க வேண்டும். இடப்பக்கத்தின் நிலையை வலப்பக்கத்துக்கு அப்படியே படியெடுக்கும் கட்டளையும் அதில் உண்டு. மனித உடலுக்கு அது வசதி. எஞ்சினுக்கு அது என்ன செய்யும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மூடிய சங்கிலி

பொறியின் இலக்கணத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியப் பொறியியலாளர் பிரான்ஸ் ரூலோ. 1875இல் வெளிவந்த அவருடைய இயக்கவியல் நூல், பொறியைத் தனித்தனி உறுப்புகளின் தொகுதியாகக் காணாமல், இணைகளின் தொடராகக் கண்டது. அச்சும் அதன் தாங்கியும் ஓர் இணை. பிஸ்டனும் உருளையும் ஓர் இணை. இணைகள் தொடர்ந்து சென்று தொடங்கிய இடத்துக்கே திரும்பி மூடிக்கொள்ளும்போது, ஓர் உறுப்பை நிலைநிறுத்தி மற்றொன்றை அசைத்தால் எஞ்சியவற்றின் அசைவு ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது. அதுவே பொறி. கையின் அசைவு உறுதியற்றது. அதனாலேயே அது கை. பொறியின் அசைவில் தெரிவுக்கு இடமில்லை.

நீராவி எஞ்சினின் இணைப்புத் தண்டு இதற்குச் சிறந்த சான்று. அதன் ஒரு முனை பிஸ்டனோடு நேர்கோட்டில் செல்லும் குறுக்குத்தலையில் பிணைந்துள்ளது. மறுமுனை சக்கரத்தின் கிராங்கு ஊசியில் பிணைந்துள்ளது. மென்பொருளின் மொழியில் இதற்கு இரண்டு தாய்கள். ஒரு தாயை மட்டுமே ஏற்கும் மர வடிவத்தில் இத்தண்டுக்கு நேர்மையான இடம் இல்லை.

கணினி வரைகலை தொடக்கத்திலேயே இதனை அறியாதிருந்தது எனக் கூறவியலாது. 1963இல் ஐவன் சதர்லாந்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அளித்த முனைவர்பட்ட ஆய்வேட்டின் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் முறை தளைகளையே அடிப்படையாகக் கொண்டது. இவ்விரு கோடுகள் இணையாக இருக்க வேண்டும், இந்நீளம் மாறக்கூடாது என்று பயனர் விதித்தால், அவ்விதிகள் நிறைவேறும் நிலையைக் கணினி தானே தேடும். இணைத்தண்டுப் பொறிகளைத் திரையில் வரைந்து அசைத்துக் காட்டியது அவ்வாய்வின் சுவையான பயன்பாடுகளுள் ஒன்று. அதாவது திரையில் அசையும் மனித உருவத்தை வீட்டுக்கணினியில் எவரும் நிலைப்படுத்தும் காலத்துக்கு முப்பது ஆண்டுகள் முன்னரே பொறியின் இலக்கணம் கணினிக்குள் நுழைந்துவிட்டது. தளை மரபு பின்னர்ப் பொறியியல் வரைவு மென்பொருள்களுக்குச் சென்றது. அசைவூட்டக் கலைஞரின் கைக்கு வந்ததோ பாவை மரபு. திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் வேண்டியவை உடல்களே ஆதலின் இப்பிரிவு வியப்புக்குரியதன்று. எனினும் அதன் விளைவைச் சுமப்பவர், அசைவூட்ட மென்பொருளைக் கொண்டு பழம்பொறிகளை ஆவணப்படுத்த முற்படும் இன்றைய ஆய்வாளர்.

நான்கு சிலிண்டர்களின் காரணம்

1871இல் திறக்கப்பட்ட சுவிட்சர்லாந்தின் ரீகி மலைரயிலை அமைத்த நிக்லாவுஸ் ரிக்கன்பாக், 1882இல் நீலகிரிக்கும் ஒரு பல்சக்கர இருப்புப்பாதைத் திட்டத்தை அளித்தார். இறுதியில் இங்கு நிறைவேறியது அவர் நாட்டவரான ரோமன் ஆப்ட்டின் முறை. பற்கள் முன்பின்னாக அமைந்த இரு பற்சட்டங்கள் தண்டவாளங்களுக்கு நடுவே அருகருகே செல்லும். ஒன்றில் பல் விடுபடும் வேளையில் மற்றொன்றில் பல் பொருந்தியிருக்கும். 1891இல் பணி தொடங்கி 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகமண்டலம் வரையும் பாதை திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் தொடங்கும் 46 கிலோமீட்டர்ப் பாதை 2203 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே சரிவு 12க்கு 1 வரை செல்கிறது. பல்தண்டவாளம் இருப்பதும் இப்பகுதியில் மட்டுமே.

இப்பாதைக்காக வின்டர்தூரில் இருந்த சுவிஸ் எஞ்சின் தொழிற்சாலை 1914 முதல் 1925 வரையிலும், பின்னர் 1952இலும் கட்டியனுப்பியவை எக்ஸ் வகை எஞ்சின்கள். கீழ்ச்சிலிண்டர்கள் உயரழுத்தத்தில் இயங்கி நான்கு அச்சுகளில் உள்ள எட்டு இயக்கச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. பல்தண்டவாளப் பகுதியில், அங்கு வேலை செய்து முடித்த நீராவி வீணே வெளியேறாமல் மேற்சிலிண்டர்களுக்குச் சென்று தாழழுத்தத்தில் மீண்டும் வேலை செய்கிறது. மேற்சிலிண்டர்கள் ஓர் இடைத்தண்டைச் சுழற்ற, அது பல்லிணை வழியாகப் பல்தண்டவாளத்தில் பொருந்தும் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இரண்டு பற்சக்கரங்கள் நேரே பொருந்தினால் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். மேல்தண்டுகளின் எதிர்ச்சுழற்சிக்குக் காரணம் அதுவே. சமநிலப் பகுதியில் நீராவி மேற்சிலிண்டர்களுக்கு அனுப்பப்படுவதில்லை.

ஒரே பொறியால் இரண்டையும் இயக்கியிருக்கலாமே என்னும் வினா இயல்பானது. விடை தேய்மானத்தில் உள்ளது. தண்டவாளத்தின்மேல் உருளும் சக்கரம் நாள்தோறும் தேய்ந்து விட்டம் குறையும். பற்சக்கரத்துக்கு அவ்வாறில்லை, ஒரு சுற்றுக்கு எத்தனை பற்கள் என்பது மாறாததால், ஒரு சுற்றில் அது கடக்கும் தொலைவும் மாறாது. எடுத்துக்காட்டாக, சக்கரத்தின் விட்டம் 2 விழுக்காடு குறைந்திருப்பதாகக் கொள்வோம். இரண்டும் மாறா விகிதத்தில் பிணைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சக்கரம் 20 மீட்டர் குறைவாகவே உருளும். எஞ்சிய தொலைவை அது தண்டவாளத்தில் உராய்ந்துகொண்டே கடக்க வேண்டும். இரு பொறிகளையும் தனித்தனியே விட்டால் ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில் சுழலும். ஆகவே மேல்தண்டுகளுக்கும் கீழ்த்தண்டுகளுக்கும் இடையே உறுதியான பிணைப்பு இல்லாமையே இவ்வெஞ்சினின் உள்ளக்கருத்து. இரண்டையும் சேர்ப்பவை நீராவியும் பாதையும் மட்டுமே.

மாதிரியில் நேர்ந்த பிழைகள்

இக்கட்டுரையாளர் முதலில் செய்த மாதிரி இக்கருத்தை அடியோடு இழந்திருந்தது. அசைவூட்டக் கலைஞர்களின் வழக்கப்படி ஒரே தலைமைத் திருகு அமைக்கப்பட்டது; அதனைத் திருப்பினால் சக்கரம், பிணைப்புத் தண்டு, மேல்தண்டு, பற்சக்கரம் அனைத்தும் ஒருசேர அசைந்தன. காண்பதற்கு அழகாகவே இருந்தது. ஆயின் மேட்டுப்பாளையம் நடைமேடையில் அசையக்கூடாத மேல்தண்டுகள் அதில் அசைந்தன. அதனினும் பெரிய பிழை, எந்தத் தொடர்பை அறுப்பதற்காக நான்கு சிலிண்டர்கள் வைக்கப்பட்டனவோ அந்தத் தொடர்பையே மாதிரி இரும்புப் பிணைப்பாக மீண்டும் கட்டிவிட்டது. இதனைத் திருத்த இரண்டு தலைமைத் திருகுகளும், பல்தண்டவாளம் உண்டா இல்லையா என்பதைக் குறிக்கும் ஒரு நிலைமாற்றியும் தேவைப்பட்டன.

இரண்டாவது பிழை இடவலச் சமச்சீர். ஒரு பக்கத்தைக் கட்டி முடித்து மறுபக்கத்துக்குப் படியெடுத்ததால் இருபக்கக் கிராங்குகளும் ஒரே கோணத்தில் நின்றன. உண்மையான எஞ்சினில் அவை 90 பாகை விலகியிருக்கும். காரணம் எளிது: பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைமுனையில் நிற்கும்போது அதன் தள்ளுவிசை அச்சின் நடுவை நோக்கியே செல்வதால் சக்கரம் திரும்பாது. அவ்வேளையில் மறுபக்கப் பிஸ்டன் ஓட்டத்தின் நடுவே இருந்து தள்ளினால்தான் ரயில் புறப்படும். உடலின் சமச்சீரைப் பெற்ற எஞ்சின், நின்ற இடத்தில் நின்றுவிடக்கூடிய எஞ்சின்.

மூன்றாவது பிழை நுண்ணியது. கிராங்கு சீராகச் சுழல, குறுக்குத்தலை சீரான ஊசலைப் போல முன்பின் செல்லும் என்று கொண்டு எளிய வாய்பாடு ஒன்று இடப்பட்டது. இணைப்புத் தண்டின் நீளம் வரம்புடையது என்பதை அவ்வாய்பாடு மறந்துவிடுகிறது. தண்டின் நீளம் கிராங்கின் ஆரத்தைப் போல 5 மடங்கு எனக் கொண்டு கணக்கிட்டால், கிராங்கு செங்குத்தாக நிற்கும்போது பிஸ்டன் தன் ஓட்டத்தின் நடுப்புள்ளியில் இராது. ஆரத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அச்சின் பக்கமாக விலகியிருக்கும். எளிய வாய்பாட்டின்படி அசையும் மாதிரியில் இணைப்புத் தண்டின் முனை குறுக்குத்தலையை விட்டு விலகித் தொங்கும், அல்லது தண்டு நீண்டு குறுகும். தண்டைச் சக்கரத்தின் சேயாக்கி, அதன் மறுமுனை எப்போதும் குறுக்குத்தலையை நோக்கியிருக்கும்படி தளையிட்டு, குறுக்குத்தலையின் இடத்தைப் பிதகோரசுத் தேற்றத்தால் கணக்கிட்டுத் தருவதே வழி. சக்கரங்களைச் சேர்க்கும் பிணைப்புத் தண்டு இதனினும் எளிது: சக்கரம் எத்துணைப் பாகை சுழல்கிறதோ அத்துணைப் பாகை எதிர்த்திசையில் அதனைச் சுழற்றினால் அது எப்போதும் கிடைநிலையில் இருக்கும். அது நான்கு அச்சுகளையும் பிணைப்பதாகத் திரையில் தோன்றினாலும் உண்மையில் ஒன்றன் சேய் மட்டுமே. மர வடிவத்தில் மூடிய சங்கிலியை நடிக்க வைக்கும் உத்திகள் இவை.

இவ்வுத்திகள் அனைத்தும் சக்கரத்திலிருந்து தொடங்கிப் பிஸ்டனுக்குச் செல்கின்றன என்பது கருதத்தக்கது. கணக்கு அத்திசையில் எளிது. கடைமுனையில் நிற்கும் பிஸ்டனை வைத்துச் சக்கரம் எப்பக்கம் திரும்பும் என்று சொல்ல இயலாது. உண்மையில் ஏற்றத்தில் விசை செல்லும் திசை இதற்கு நேர்மாறானது. ஆயின் இறக்கத்தில் நிலை வேறு. ரயிலின் எடையே சக்கரங்களைத் திருப்ப, சக்கரங்கள் பிஸ்டன்களைத் தள்ள, சிலிண்டர்கள் காற்றை அழுத்தி வேகத்தைத் தடுக்கும் எதிரழுத்தத் தடைமுறை பல்சக்கர நீராவி எஞ்சின்களில் வழக்கமானது. அதுவும் ரிக்கன்பாக்கின் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே நம் மாதிரி விசையின் திசையைப் பொறுத்தவரை குன்னூரிலிருந்து இறங்கி வரும் எஞ்சினுக்கு மெய்யானது, ஏறிச் செல்லும் எஞ்சினுக்குப் பொய்யானது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னே, அதாவது பள்ளப் பக்கத்தில் நின்று தள்ளுகிறது என்பதையும் மாதிரியில் குறிக்காவிடில் பார்ப்பவர் முற்றிலும் தவறான முடிவுக்கு வருவார்.

இயக்கக்கட்டும் பதிப்பும்

2005இல் நீலகிரி மலைரயில் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பின்னர் எஞ்சின்கள் பெரிதும் மாறியுள்ளன. நிலக்கரிக்கு மாற்றாக எண்ணெய் வந்தது. திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களே கட்டப்பட்டன. இம்மாற்றங்களைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓடிக்கொண்டிருப்பதே இம்மரபின் சிறப்பு. ஆனால் ஓடும் எஞ்சினின் உறுப்புகள் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். எந்த ஆண்டில் எந்த எஞ்சின் எவ்வாறு இயங்கியது என்பதை நிழற்படம் காட்டாது. காணொலி காட்டும், ஆயின் காரணத்தைக் காட்டாது. அளந்து கட்டிய இயக்கக்கட்டு காரணத்தையும் தாங்கவல்லது. அதனாலேயே அதன் பிழையும் நிழற்படத்தின் பிழையை விடத் தீங்கானது: வருங்கால மாணவர் எஞ்சினைக் காணாமல் மாதிரியை மட்டுமே திருகிப் பார்ப்பாராயின், ஒரே திருகில் அனைத்தும் அசையும் எஞ்சினையே அவர் வரலாறாகக் கொள்வார்.

ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் கிடைத்த பாடத்தையும் தாம் ஊகித்த பாடத்தையும் வேறுபடுத்திக் காட்டுவர். சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே விடுவர். பெருங்கதையின் முதற்பகுதியைத் தாமே இயற்றி நிரப்ப உ.வே.சா. முற்படவில்லை. அவ்வொழுங்கு இயக்கக்கட்டுக்கும் வேண்டும். போசர், பிளெண்டர் போன்ற மென்பொருள்களில் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிட இயலும். அப்பெயரிலேயே அளந்தது, காணொலியிலிருந்து பெற்றது, ஊகித்தது என மூவகைக் குறிகளை இணைப்பது இக்கட்டுரையாளர் தம் மாதிரியில் மேற்கொண்ட முறை. வெளியே தெரியும் தண்டுகள், குறுக்குத்தலை, கிராங்கு ஆகியன முதலிரு வகையில் அடங்கின. சட்டகத்துக்குள் மறைந்துள்ள பல்லிணை அடங்கவில்லை. பல்தண்டவாளப் பகுதியில் எடுத்த காணொலியில் கீழ்ச்சக்கரம் ஒரு குறிப்பிட்ட தொலைவைக் கடக்கும்போது மேல்கிராங்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை எண்ணலாம்; பற்சக்கரத்தின் அளவு தெரிந்தால் அதிலிருந்து பல்லிணையின் விகிதமும் கிடைக்கும். ஆனால் விகிதம் பற்களின் எண்ணிக்கையைத் தராது. 20 பற்களுக்கு 40 என்றாலும் 25க்கு 50 என்றாலும் விகிதம் ஒன்றே. திரையில் அசைவும் ஒன்றே. எஞ்சின் பிரிக்கப்பட்டுச் சட்டகம் திறந்து கிடக்கும் நாளில் ஒருவர் நேரில் நின்று எண்ணும்வரை, அவ்விடம் மாதிரியில் பல் வரையப்படாத வெற்று வட்டாகவே, ஊகக் குறியுடன் விடப்பட்டுள்ளது.